கடைசி அகப்பை

அன்று மாலை மாகாளியம்மன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: சென்னியப்பனாகிய நான், என் தம்பி ராக்கியப்பன், என் மகன் பூபதி, ஊராட்சித் தலைவர் லோகநாயகி, ஆராய்ச்சியாளர் இளவேனில், அவளுடைய தாய் அங்காயி. வேறு யாரும் இல்லை. பண்டாரம் நடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். தூண் மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் ஒரு ஆள் மறையும் அளவுக்குத் தூண் கிடையாது.

எங்கள் வீட்டு விஷயம் வெளியே பேசப்படுவதை நான் விரும்பாதவன். என் மனைவி இறந்த நோயின் பெயரைக்கூட வெளியாரிடம் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன் என்றால், எழுதாமல் விட்டால் வருவது இதைவிடக் கேவலம் என்பதால்தான்.

எங்களைக் கஞ்சிவார்த்த வீடு என்பார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கமெல்லாம் மனிதர்கள் சாலையோரத்தில் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, என் பாட்டனாருக்குப் பாட்டனார் வேலப்பர் தம் களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கே கம்மங்கஞ்சி வார்த்தார். எல்லோரும் குடித்து முடித்த பிறகு, அண்டாவின் அடியில் ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டித் தாம் குடித்தார். ஊர் பட்ட பசியைத் தாமும் பட்டார். நான் கேட்டு வளர்ந்தது இது.

அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் நோன்பு முடிகிற அன்று கோயில் முன்னால் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சுகிறோம். எங்கள் வீட்டில் மூத்தவர் அகப்பையைப் பிடித்து ஊருக்கு ஊற்றுவார். கடைசி அகப்பை அவருக்கு. அடியைச் சுரண்டி, நின்றபடியே குடிப்பார். அந்தக் கடைசி வாய் இறங்கிய பிறகுதான் அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். என் தந்தைக்குப் பிறகு அதை நான் குடித்துவந்தேன். தீய்ந்த வாடையோடு இருக்கும். முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும் என்று என் தந்தை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

இளவேனில் முதன்முதலாக என் தோட்டத்துக்கு வந்தபோது லோகநாயகிதான் கூட்டி வந்தாள். நான் களத்தில் தேங்காய் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆய்வகத்தில் வேலை, வெளிநாட்டில் படிப்பு என்றெல்லாம் லோகநாயகி அடுக்கினாள். நான் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டேன்.

"நீ யாரூட்டுப் புள்ள அம்மிணி?"

"கிழக்கு வளவுங்க. அங்காயி மக."

"எங்க கஞ்சி ஆகாத வீடா?"

"அதே வீடுதானுங்க" என்று சிரித்தாள்.

ஊர் முழுக்க வந்து கஞ்சி வாங்கினாலும் கிழக்கு வளவுத் தெருவில் அந்த ஒரு வீடு மட்டும் வராது. என் தந்தை காலத்திலேயே அப்படித்தான். திமிர் பிடித்த வீடு என்று அவர் சொல்வார். நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

அவள் வந்த காரியம், ஊரார் எல்லோரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது. எதற்கு என்று கேட்டேன்.

"நம்மூர்ல சர்க்கரை எத்தனை பேருக்கு இருக்குதுன்னு உங்களுக்கே தெரியுமுங்க. முப்பது வயசுப் பசங்களுக்கே வருது."

"வாயக் கட்டோணும். எனக்கு எழுபத்தேழு. ஒரு மாத்திரை கெடையாது."

"எங்கம்மாவும் வாயக் கட்டித்தானுங்க இருந்தாங்க. வலது கால்ல மூணு வெரல எடுத்தாச்சு."

பிறகு விளக்கினாள். அவள் விவசாயிகளோடு பேசத் தெரிந்தவள்; அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஒடம்புக்குள்ள ஜீன் இருக்குதுங்களே, அத வாய்க்கால்னு வெச்சுக்குங்க. வாய்க்கால் மாறாது. ஆனா எந்த மடையத் தெறக்கறது, எத அடைக்கறதுன்னு ஒடம்பு பாத்துக்கும். பஞ்சத்துல என்ன பண்ணும்? வர்ற துளியச் செலவு பண்ணாமச் சேத்து வெக்கோணும்னு சில மடைய மண்ணு வெச்சு அடைச்சுப்போடும்."

"சரி."

"பஞ்சம் போயிருச்சு, மழை வந்துருச்சு. அடைச்ச மண்ணு அப்படியே கெடந்தா? தண்ணி தேங்கும், பயிர் அழுகும். அதுதானுங்க சர்க்கரை."

"அது பட்டினி கெடந்தவனுக்கு. அவன் பேரனோட பேரனுக்கு எப்படி வரும்?"

"சண்டையே அங்கதானுங்க" என்றாள் உற்சாகமாக. "கரு உண்டாகறப்பவே எல்லா மடையும் கழுவிப்போகும், ஒண்ணும் மிஞ்சாதுன்னு ஒரு கட்சி. எலியில பாத்தோம், மிஞ்சுதுன்னு இன்னொரு கட்சி. சில எடத்துல மட்டும் எத்தனை கழுவுனாலும் போகாத மண்ணு இருக்குதுன்னு இப்ப நாங்க கண்டுபுடிச்சிருக்கோம். அதுக்கு நாங்க வெச்ச பேரு வாயில நொழையாது. எங்கம்மா பசித்தழும்புன்னு சொல்றாங்க. அதே நல்லாருக்குது."

தழும்பு இருக்கிற பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே மருந்து கொடுத்தால் அந்த மடையைத் திறந்துவிடலாம். ஆனால் மருந்து விலை அதிகம். பஞ்சத்தால் வந்த தழும்புதான் என்று நிரூபித்தால் அரசு ஊர் முழுக்க இலவசமாகக் கொடுக்கும். இதுதான் அவள் சொன்னதன் சுருக்கம்.

எனக்கு வேறொன்று தோன்றியது.

"அப்படீன்னா எங்கூட்டுலயும் இருக்கோணுமே?"

அவள் சற்றுத் தயங்கினாள். "உங்க முன்னோரு கடைசியாத்தான் சாப்புட்டாருன்னா, இருக்கோணுமுங்க."

அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. வேலப்பர் செய்தது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று ஒரு ஆய்வகம் முத்திரை குத்தித் தரப்போகிறது என்று நினைத்தேன். தழும்பு வேண்டும் என்று ஆசைப்பட்டு ரத்தம் கொடுத்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ரத்தம் எடுத்த அன்று இளவேனில் ஒரு தகர டப்பாவில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அந்த எண்ணில்தான் முடிவு வரும். யாருடையது என்று வெளியே தெரியாது. நான் டப்பாவுக்குள் கை விடவில்லை.

"எங்கூட்டுக்காரங்க எதுக்கும் சீட்டுக் குலுக்குனதில்ல. ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் எங்களுக்குக் குடு."

"ஐயா, கலைஞ்சு இருந்தாத்தான் நல்லது. பொறகு மாத்த முடியாதுங்க."

"இந்தக் கோயில் வாசல்ல மொத எண்ணு யாருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

வரிசையில் நின்றிருந்த ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. லோகநாயகி என் அருகில் வந்து, "அந்தப் புள்ள எதுக்கோ சொல்லுதுங்க" என்றாள் மெதுவாக. நான் காதில் வாங்கவில்லை. இளவேனில் டப்பாவைக் கவிழ்த்து, ஒன்று முதல் ஏழு வரை தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு ஒன்று, ராக்கியப்பனுக்கு இரண்டு, பூபதிக்கு மூன்று. மற்றவை ராக்கியப்பன் பிள்ளைகளுக்கும் என் பேரப்பிள்ளைகளுக்கும். முடிவு வந்ததும் ஊருக்குக் காட்டும் முன்பு எங்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். அதையும் மரியாதை என்றே நினைத்தேன்.

அப்படித்தான் அந்த மாலை மண்டபத்தில் கூடினோம். அங்காயி வந்தது மகளுக்குத் துணையாக. ஊன்றுகோலைத் தரையில் வைத்து, படியோரமாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் நாற்காலியில் இருந்தோம்.

இளவேனில் சுவரில் படத்தை விழவைத்தாள். எண் முறைப்படி வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஆளுக்கு ஒன்று. தழும்பு இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்றாள். சுவர் முழுக்க எள்ளைக் கொட்டியதுபோல் இருந்தது. நடுநடுவே ஒன்றிரண்டு வெள்ளை. அவர்கள் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களாம். மேல் வரிசையில் இடது ஓரத்தில் ஏழு வெள்ளைப் புள்ளிகள், பல்வரிசைபோல்.

யாரும் அவளை எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எண்களை வாங்கியவன் நான்.

ராக்கியப்பன்தான் முதலில் பேசினான். "மெசினு தப்பு."

"மூணு தடவ பாத்தோமுங்க."

"தழும்பு கழுவிப்போயிரும்னு ஒரு கட்சி இருக்குதுன்னு நீதான சொன்ன? எங்களுக்குக் கழுவிப்போயிருக்கும்."

"சொன்னேங்க. இன்னும் அந்தக் கட்சி இருக்குது. ஊருக்கெல்லாம் கழுவாதது உங்க வீட்டுக்கு மட்டும் எப்படிக் கழுவுச்சுன்னு அவங்களே கேப்பாங்க."

"அப்படீன்னா எங்கம்மா வழியிலயாவது தழும்பு வந்திருக்கோணுமில்ல?"

"நீங்க பொண்ணெடுத்த வீடெல்லாம் எந்த வீடுங்க? அங்கயும் களஞ்சியம் காலியாகலியே."

எங்களுக்கு எதிர்த் தோட்டத்துக்காரர், எங்களைப் போலவே கிணறும் நிலமும் உள்ளவர். அவர் வீட்டுப் புள்ளிகள்கூடக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய பாட்டன் பஞ்சத்தில் மாடுகளை விற்றுத் தின்ற கதையை நாங்கள் சிரித்துக்கொண்டே பேசுவதுண்டு.

பூபதி கணக்குப் பார்க்கிறவன். தேங்காய் நார் ஆலை நடத்துகிறான். அவன் கேட்டான்: "நாங்க ஏழு பேரும் விலகிக்கறோம்னா?"

"உரிமை உண்டுங்க. நாளைக்கு ஊர்க்கூட்டத்துக்கு முந்தி சொன்னாப் போதும், அழிச்சிருவேன்." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு சொல்லோணும். இந்தத் தழும்பு பஞ்சத்தால வந்ததில்ல, இந்த ஊர்த் தண்ணியில, சோத்துல ஏதோ கோளாறுன்னு கழுவிப்போயிரும்ங்கற கட்சி சொல்லும். அவங்களுக்குப் பதில் சொல்ல என்கிட்ட இருக்கறது இந்த ஏழு வெள்ளைப் புள்ளிதான். இதே தண்ணி, இதே சோறு, தலைமுறை தலைமுறையா இதே ஊரு. பஞ்சத்துல பட்டினி கெடக்காததுதான் ஒரே வித்தியாசம். இந்த ஏழு இல்லீன்னா, மருந்து குடுக்கறத முடிவு பண்ற அரசுக் குழுவுல நிக்காதுங்க. மருந்து வராது."

"எண்ணைக் கலைச்சுப் போடு" என்றேன்.

"அன்னிக்கே கலைக்கச் சொன்னேனுங்கய்யா. பட்டியல் எண்ணோட குழுவுக்குப் போயாச்சு. இனி மாத்துனா மோசடி."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ராக்கியப்பன் எழுந்துவிட்டான். அவனுக்குக் கோபம் வந்தால் ஆளைப் பார்த்துப் பேச மாட்டான், ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துப் பேசுவான். லோகநாயகியைப் பார்த்துக் கத்தினான். "யாரக் கூட்டிட்டு வந்து உட்டிருக்கற பாத்தியா? எங்க கஞ்சிய வாயில வெக்காத திமிர் புடிச்ச கூட்டம். மூணு தலைமுறைப் பகைய மெசினு வெச்சுத் தீத்துக்கறா!"

"சித்தப்பா, உக்காருங்க" என்றான் பூபதி.

"திமிருங்களா?" என்றாள் அங்காயி.

அதுவரை அவள் பேசவே இல்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, வேண்டாம்" என்றாள் இளவேனில்.

"நான் ஒண்ணும் சண்டைக்குப் போகல கண்ணு. திமிருங்கறாங்களே, இல்லைன்னு சொல்லோணுமில்ல?"

"சொல்லட்டும்" என்றேன் நான்.

அங்காயி என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஒருத்தியப் பத்திப் பேசறப்பப் பேரச் சொல்ல மாட்டாங்க. கஞ்சிக்குப் போனவன்னுதான் சொல்லுவாங்க. பஞ்சத்துல உங்க களஞ்சியத்து முன்னால வரிசை நின்னுச்சாம். எங்க வளவுக்கு முறை வர்றதுக்குள்ள அண்டாவக் கவுத்துருவாங்களாம். இவளுக்கு மட்டும், பொழுதெறங்குன பொறகு களஞ்சியத்துப் பின்னால வரச்சொல்லி ஆள் வந்துச்சாம். வீட்டுல தம்பி, தங்கச்சி, நடக்க முடியாத அப்பன். போனா. கஞ்சி கெடச்சுது. அத்தன வாயும் பொழச்சுது. பொறகு ஒரு புள்ளையும் பொறந்துச்சு. சாகறப்பச் சொன்னாளாம், இனி நம்மாளுக யாரும் அந்த வீட்டுக் கஞ்சிய வாயில வெக்காதீங்கன்னு. அவ்வளவுதானுங்க. திமிரெல்லாம் இல்ல."

"கட்டுக்கதை" என்றான் ராக்கியப்பன். ஆனால் உட்கார்ந்துகொண்டே சொன்னான்.

நான் இளவேனிலைப் பார்த்தேன். அவள் படம் காட்டும் கருவியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அது குறைக்க வேண்டிய அளவுக்குக் கூடுதலாக இருக்கவில்லை.

"இது ரத்தத்துல தெரியுமா?"

"கேக்காதீங்கய்யா."

"கேக்கறேன்."

"உங்க ஏழு பேர் ரத்தத்துலயும், எங்கம்மா ரத்தத்துலயும், என்கிட்டயும் ஒரு துண்டு ஒரே மாதிரி இருக்குதுங்க. ஒரே ஆளுகிட்ட இருந்து வந்தது. எந்தக் காலம்னு பின்னால எண்ணிட்டுப் போனா அந்தப் பஞ்சத்துலதான் போய் நிக்குது. எப்படி வந்துச்சுன்னு ரத்தம் சொல்லாதுங்க. வந்துச்சுன்னு மட்டும் சொல்லும்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஆராய்ச்சிக்கு அது தேவையில்லீங்க. யாரூட்டுப் புள்ளன்னு கண்டுபுடிக்கறதுக்கு நான் இத ஆரம்பிக்கலியே."

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. யாரை எங்கே உட்காரவைப்பது, யாருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்பேன். அன்று அதற்கு ஒரு பதில் கிடைத்தது. தலைமுறைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வேலப்பரிலிருந்து நான் எத்தனையாவதோ, அங்காயியும் அத்தனையாவதுதான். முறை பார்த்தால் தங்கை. அப்படியானால் இளவேனிலுக்கு நான் மாமன். மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரை அவன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நான் நாற்காலியில் இருந்தேன். தங்கை முறையானவள் விரல்கள் இல்லாத காலை நீட்டிக்கொண்டு தரையில் இருந்தாள்.

எழுந்து என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கொடுக்கவில்லை. லோகநாயகிதான் தன் நாற்காலியை நகர்த்தினாள். "இருக்கட்டும் சாமி, ஏறி எறங்க முடியாது" என்றாள் அங்காயி.

பிறகு நான் சொன்னேன்: "நாங்க விலகல. எண்ணு அப்படியே இருக்கட்டும்."

"அண்ணா!" என்றான் ராக்கியப்பன். "நாளைக்கு ஊரே பாக்கும். மானம் போயிரும்."

"போகட்டும். இருந்துச்சான்னு அப்பத்தான் தெரியும்."

"வேலப்பர் பேரு?"

அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு இல்லை என்று சாதிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்துக்கு இல்லை என்று என் தந்தை அடிக்கடி சொல்வார். அந்த ஊரின் பசியை எங்கள் பசி என்று சொல்லி அத்தனை காலம் பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். எங்கள் பெருமையை நம்பியவன் நான். அந்தப் பெருமையின் பேரிலேயே அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதை அன்று இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்று தெரியவில்லை.

வெளியே வரும்போது அங்காயியிடம் ஒன்று கேட்டேன். "நாளைக்கு எங்க எண்ணப் பத்தி நான் சொல்லிக்கறேன். நீ சொன்னத ஊர்ல சொல்ல மாட்டேன். உங்கூட்டுப் பேரு கெட்டுப்போகும்."

அவள் ஊன்றுகோலை ஊன்றி நின்றாள். "எங்க பேரு எதுக்குங்க கெடோணும்? கஞ்சிக்குப் போனவளுக்கு என்ன வெட்கம்? பசிச்சுது, போனா. ஊத்துனவருக்குத்தானுங்க வெட்கம். நீங்க சொல்லுங்க."

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். ஒன்று முதல் ஏழு வரை யாருடையது என்று நானே எழுந்து சொன்னேன். எல்லோருக்கும் தெரியும் என்றாலும் என் வாயால் வர வேண்டும் என்று நினைத்தேன். களஞ்சியத்துப் பின்பக்கத்தைப் பற்றியும் சொன்னேன். எங்கள் வகையறாவில் சிலர் எழுந்து போனார்கள். கிழக்கு வளவுக்காரர்கள் எழுந்து போகவில்லை, முணுமுணுக்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. அவர்களில் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஆண்டுதோறும் வரிசையில் வந்து, நான் ஊற்றிய கஞ்சியை வாங்கிக்கொண்டு, நான் கடைசி அகப்பையைக் குடிப்பதையும் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண்டபத்தில் பட்டதைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அடுத்த நோன்புக்கு அகப்பையை லோகநாயகியிடம் கொடுத்தேன். இனி எங்கள் வீட்டில் யாரும் அதைப் பிடிக்க மாட்டார்கள் என்றேன். ராக்கியப்பன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். மருந்து அதற்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு அது தேவையில்லை.

நோன்பு முடிகிற அன்று காலை அங்காயி வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் காரை விட்டு இறங்கி நடந்தது அதுதான் முதல் தடவை. கஞ்சிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அது எங்கள் வீட்டுக் கஞ்சி இல்லை, ஊர்க் கஞ்சி என்றேன்.

"எனக்குச் சர்க்கரைங்களே" என்றாள் அங்காயி. "டாக்டரு கஞ்சி ஆகாதுன்னுட்டாரு."

உள்ளே இளவேனில் சிரிப்பது கேட்டது. நானும் சிரிக்க முயன்றேன். காப்பி கொடுத்தார்கள், சர்க்கரை போடாத காப்பி. குடித்தேன். இளவேனில் வாசல்வரை வந்து, "பாத்துப் போங்கய்யா, கல்லு கெடக்குது" என்றாள். மாமா என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

மதியம் ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கினாள். வேண்டாம் என்றேன். "ஐயாவே வரிசைக்கு வந்துட்டாரு, இன்னிக்கு மழைதான்" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள். வெயில் உறைத்தது. வரிசையில் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது, முன்னால் இருப்பவரோடு எவ்வளவு இடைவெளி விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது.

என் முறை வந்தபோது லோகநாயகி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அகப்பை அடியில் உரசும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அந்தக் கடைசிச் சுரண்டல் எங்கள் வீட்டுக்கென்று விடப்படும். இப்போது அப்படி விட யாருக்கும் காரணம் இல்லை. எனக்கு முன்னால் நின்றவளுக்கே சுரண்டித்தான் ஊற்றியிருக்கிறாள்.

"தீந்துருச்சுங்களே ஐயா" என்றாள் லோகநாயகி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வூட்டுல இருந்து கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். தூக்குப்போசி காலியாக இருந்ததால் ஆடியது. வீடு வரும்வரை அந்தச் சத்தம் கூடவே வந்தது. வரிசையில் நின்று, இல்லை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியது என் குடும்பத்தில் நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எனக்கு உடம்பு முடியாமல் போனதால்தான் அகப்பையை விட்டேன் என்றும், சர்க்கரை முற்றிக் கை நடுங்குகிறது, புத்தி கலங்கித்தான் ஊர்க்கூட்டத்தில் ஏதேதோ உளறினேன் என்றும் ஒரு பேச்சு ஊருக்குள் உலவுகிறது. அதைக் கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும். குடும்ப மானத்துக்காகச் செய்திருக்கிறான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது உண்மை இல்லை. எனக்குச் சர்க்கரை கிடையாது. கை நடுங்கவில்லை. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை.